மேடத்தின் ஆறாவது பேப்பர்

அன்றைக்கு அந்த வூட்டில் இருந்தவர்கள் இவர்கள். டாக்டர் மேடம். டிரைவர் சென்றாயன். பாட்டில் பெட்டியோடு நான். வூட்டுக்காரம்மா சாந்தி. அவர் மகள் ரம்யா, நாலாவது படிக்கிறது, வாயில் கை வைத்துத்தான் சிரிக்கும். அந்த ஊர் வார்டு மெம்பர் சின்னசாமி, சண்டைக்கு வந்து வாசலில் நின்றவர். வேறு யாரும் இல்லை.

ஊர் ஏரியூர் பக்கம். பேர் வேண்டாம்.

நான் மாதையன். எட்டாவது வரைக்கும் படிப்பு. மெடிக்கல் காலேஜில் மேடம் நடத்திய தண்ணீர் ஆராய்ச்சியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் ஊராகப் போய்க் குடிதண்ணீர் எடுப்பது, புள்ளைங்களின் சிறுநீர் வாங்குவது, ஐஸ் பெட்டியில் வைத்து லேபில் சேர்ப்பது. அதுதான் வேலை. இப்போது அந்த வேலைக்குப் புதுசாக நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

போன வாரம் லேபுக்கு வந்தபோது உங்களில் ஒருத்தர் சலித்துக்கொண்டார். "ஏண்ணா, ஒரு பாட்டில் தண்ணிக்கு ஒரு வூட்ல இவ்ளோ நேரம் உக்காரணுமா? கேட்டா ஊத்திக் குடுக்கப் போறாங்க. வாங்கிக்கிட்டு அடுத்த வூடு போலாமில்ல?"

கேள்வி நியாயம்தான். வூட்டுக்காரர்கள் தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், அவர்கள் மொண்ட அதே குடத்தில் நாமே எடுக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று சொல்லவில்லை போல. நான் சொல்கிறேன்.

நம்ம பக்கத்துத் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். போர் போட்டால் வருகிற தண்ணீரில் ஃபுளோரைடு. சின்ன வயசில் குடித்தால் பல்லில் காவி ஏறும். வயசானால் முட்டி மடங்காது. பொண்ணு பார்க்க வரும்போது சிரிக்காதே என்று சொல்லி வளர்க்கிற ஊர்கள் இங்கே உண்டு. மேடம் வேறு ஜில்லாக்காரர். வேலைக்கு வந்த இடத்தில் இதைப் பார்த்தாங்க. இதையே பிடித்துக்கொண்டாங்க.

அப்புறம் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். வந்த பிறகு வூடுகளில் ஃபுளோரைடு குறைந்திருக்கிறதா என்று பார்க்க மேடம் ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. நாங்கள் வூடு வூடாகப் போனோம். "குடிக்கிற தண்ணி கொஞ்சம் குடுங்க, டாக்டரம்மாவுக்குப் போவுது" என்று கேட்டோம். கொடுத்தார்கள். முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். லேபில் பார்த்தால் எல்லா பாட்டிலும் சுத்தம். மேடம் அதை எழுதினாங்க. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை சொல்ல முடியாது. வூட்டில் சொன்னேன். என் சம்சாரம் கேட்டது, "எந்த பேப்பர்ல? வாங்கிட்டு வர்றதுதான?" கடையில் விற்காது என்றேன். "கடையில விக்காத பேப்பர எவன் படிப்பான்?" என்றது. பிறகுதான் மேடம் ரூமில் தெரிந்துகொண்டேன். ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சொத்து அதுதான். எத்தனை பேப்பர் எழுதினாங்க, அதை எத்தனை பேர் எடுத்துத் தங்கள் பேப்பரில் காட்டினாங்க, இதை வைத்துத்தான் அவர்களுக்கு மதிப்பு, போஸ்ட், அடுத்த ஆராய்ச்சிக்குப் பணம், எல்லாம்.

மேடத்துக்கு அது ஆறாவது பேப்பர். மேல் போஸ்டுக்கு ஆறு வேண்டும் என்பது ரூல். இதற்கு முன்னால் ஒரு தடவை ஒன்று குறைந்து போஸ்ட் விட்டுப்போயிருந்தது. அவங்களுக்கு அப்புறம் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள். இந்தத் தடவை ஆறும் இருந்தது. மனு போட்டாச்சு. இன்டர்வியூவுக்குத் தேதியும் வந்தாச்சு.

அந்த நேரத்தில்தான் புள்ளைங்களின் சிறுநீர் ரிசல்ட் வந்தது. தண்ணீர் பேப்பருக்கு அப்புறம் எடுத்தது. நல்ல தண்ணீர் குடிக்கிற புள்ளைங்க என்றால் அதில் ஃபுளோரைடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. மேடம் லேபில் திரும்பப் பார்க்கச் சொன்னாங்க. பார்த்தார்கள். அதே ரிசல்ட்.

"மாதையன், வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"இன்டர்வியூவுக்குப் படிக்கணும்னு சொன்னீங்களே மேடம்."

"போயிட்டு வந்து படிக்கறேன்."

போனோம். மொதல் வூடு சாந்தி வூடு. நாங்கள் உள்ளே போவதற்குள் வார்டு மெம்பர் சின்னசாமி வண்டியைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். ஆள் சட்டைப் பட்டன்கூடப் போடவில்லை.

"வாங்க டாக்டரம்மா. உங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். உங்க பேப்பரு எங்க ஊரு தலையில கல்லத் தூக்கிப் போட்டுருச்சுங்க."

"என்ன ஆச்சுங்க?"

"சுத்திகரிக்கிற மிஷினு வைக்கறதுக்கு எங்க ஊரு பேரு இருந்துச்சு. இப்ப இல்ல. போய்க் கேட்டா, உங்க ஊர்லதான் தண்ணி நல்லாருக்குன்னு டாக்டரே எழுதிட்டாங்களே, உங்களுக்கு எதுக்கு மிஷினுங்கறாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்? டாக்டருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லட்டுங்களா?"

சென்றாயனுக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ் மெம்பரே, மரியாதையா பேசுய்யா."

"நீ வண்டிய ஓட்டுய்யா. குடிக்கிறது எங்க புள்ளைங்க."

மேடம் கையைக் காட்டி ரெண்டு பேரையும் நிறுத்தினாங்க. ரம்யாவைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாங்க. கை கழுவப் பின்பக்கம் போனாங்க. நல்ல வெயில். பின்வாசல் படியில் ஒரு நீல பிளாஸ்டிக் குடம், மேலே தட்டு, தட்டு மேலே டம்ளர். தாகம் போல. கையைக் கழுவிவிட்டு அதில் ஒரு டம்ளர் மொண்டு குடித்தாங்க.

அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்த சாந்தி பார்த்துவிட்டு ஓடி வந்தது.

"ஐயோ மேடம், அத ஏன் குடிச்சீங்க! கேட்டா நான் தர மாட்டேனா? அது வேணாங்க, அது நாங்க குடிக்கிறதுங்க!"

நாங்கள் எல்லாரும் அப்படியே நின்றோம். சாந்திக்கு மட்டும் ஏன் என்று புரியவில்லை. மேடம் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஊற்றிவிட்டு, உள்ளே போய் ஸ்டூல் மேல் இருந்த எவர்சில்வர் குடத்தில் வேற தண்ணீர் மொண்டு வந்து நீட்டியது.

மேடம் வாங்கவில்லை. "அது என்ன தண்ணி சாந்தி?"

"ஆத்துத் தண்ணிங்க. நல்ல தண்ணி."

"இத நீங்க குடிக்கறதில்லையா?"

"எங்கீங்க? எப்பவாச்சும்தான் வுடறாங்க. வுட்டா ஆளுக்கு ஒரு கொடம். அது யாராச்சும் வந்தா குடுக்கறதுக்கு வச்சிருக்கறது. நாங்களே குடிச்சுத் தீத்துட்டா வர்றவங்களுக்கு என்னாத்த ஊத்தறது?"

"போன தடவ பாட்டில்ல எதுல இருந்து ஊத்துனீங்க?"

"நல்லதுலதாங்க! டாக்டருக்குப் போவுதுன்னு இந்த அண்ணந்தான் சொன்னாரு. போர் தண்ணியவா ஊத்திக் குடுப்பாங்க? நாலு பேரு என்னா நெனப்பாங்க எங்கள?"

அது சண்டைக் குரல் இல்லை. தான் மரியாதை குறைத்துவிட்டதாக மேடம் நினைத்துவிட்டாங்களோ என்று அதற்குப் பயம்.

சென்றாயன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "நல்லவேள மேடம், புள்ளைங்க மூத்திரத்தக் கேட்டப்ப, டாக்டருக்குப் போவுதேன்னு நல்லதா பாத்துப் பக்கத்து வூட்ல வாங்கிக் குடுக்காம வுட்டாங்க."

ரம்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சின்னசாமிகூடச் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. அவன் சொன்னது விளையாட்டுப் பேச்சு. விஷயம் அதுதான். ரெண்டு ரிசல்ட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

மேடம் அந்தத் தெரு முழுக்கப் போனாங்க. நாங்களும் பின்னால் போனோம். எந்த வூட்டிலும் கதை வேறு இல்லை. ஸ்டூல் மேல் ஒரு குடம், பின்னால் ஒரு குடம். ஒரு அம்மா மட்டும் கொஞ்சம் கோபப்பட்டது. "எங்க வூட்ல ஆத்துத் தண்ணி தீந்துபோச்சு. உங்களுக்காகவே கடையில கேன் தண்ணி வாங்கி ஊத்துனேன். அதுல என்னா கொற கண்டுபுடிச்சீங்க?"

மேடம் கைகூப்பி, "ஒரு கொறையும் இல்லம்மா" என்றாங்க.

இதில் யாரைக் குறை சொல்வது? நீங்கள் யோசித்துப் பாருங்கள். வெளியாள் வூட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டால் நம்ம ஊரில் யார் மட்டமானதைக் கொடுப்பார்கள்? கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. வாங்கியவர்கள் ஏமாற்றவில்லை. லேபில் அளந்ததும் சரி. பேப்பர் மட்டும் தப்பு. இந்த வேலையில் இப்படியும் தப்பு வரும். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தப்பு வந்த பிறகு என்ன செய்வது என்பது அடுத்தது.

வண்டியில் திரும்பிப் பென்னாகரம் வரைக்கும் வந்தோம். அங்கே டீக்கு நிறுத்தினோம். மேடம் இறங்கவில்லை. டீயை நான் வண்டிக்குக் கொண்டுபோனேன்.

"மாதையன், இந்தப் பேப்பரக் கழிச்சுட்டா எத்தனை வரும்?"

அவங்களுக்குத் தெரியாத கணக்கா? "சூடு ஆறிடும் மேடம், குடிங்க" என்றேன்.

டீக்கடையில் சென்றாயன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "யோவ் மாதையா, மேடத்துக்கு போஸ்ட் வரலன்னா இந்த புராஜெக்ட்ட வேற காலேஜுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்கன்னு பேசிக்கறாங்க. நம்ம கதி?"

"தெரியல."

"கேட்டுப் பாரேன்."

"நீ கேளு."

அவனும் கேட்கவில்லை.

காலேஜுக்கு வந்ததும் மேடம் நேராகப் பெரிய டாக்டர் ரூமுக்குப் போனாங்க. அவர்தான் டிபார்ட்மென்ட் தலைவர். மேடத்துக்கு ஆராய்ச்சி சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பேப்பரில் அவர் பேரும் உண்டு. கெட்டவர் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் பாட்டில்களை வாங்கிய ஆள் என்பதால் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேடம் நடந்ததைச் சொன்னாங்க. பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்றாங்க.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எழுதணும். வேண்டாம்னு நான் சொல்லல. தப்புன்னா எடுத்துத்தான் ஆகணும். என் பேரும்தான் அதுல இருக்கு. வியாழக்கிழமை உங்க இன்டர்வியூ. வெள்ளிக்கிழமை எழுதுவோம்."

"இப்பவே அனுப்பறதுல என்ன சார்?"

"வெள்ளிக்கிழமை அனுப்பறதுல என்னம்மா? தண்ணி ஓடியா போயிடும்?"

"அந்த மெம்பர் சட்டைப் பட்டன்கூடப் போடாம ஓடி வந்தாரு சார்."

"அந்த மிஷின் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடப் போறதில்ல. நீங்க இவ்ளோ வருஷம் கஷ்டப்பட்டது ஒரு வாரத்துல போயிடும். இந்த போஸ்ட்ல நீங்க உக்காந்தா அந்த ஊருக்கு இன்னும் எவ்ளோ செய்யலாம், யோசிங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நானும் மனதுக்குள் வெள்ளிக்கிழமைதான் சரி என்று நினைத்தேன். என் வேலை போகும் என்ற பயமும் அதில் இருந்திருக்கும்.

மேடம் அவரிடம் கேட்டாங்க. "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா இங்கயே அனுப்பிடறேன் சார். உங்க பேரும் இருக்கறதால உங்க முன்னாடி அனுப்பறதுதான் மரியாதை."

அவர் மேடத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளி எழுந்து, தன் கம்ப்யூட்டரைக் காட்டினார். "உக்காருங்க."

மேடம் உட்கார்ந்து அடித்தாங்க. அவர் பின்னால் நின்று படித்தார். ஒரு இடத்தில் குனிந்து ஏதோ ஒரு வார்த்தையைத் திருத்தச் சொன்னார். அனுப்பினாங்க. முடிந்தது.

பிறகு வருஷக்கணக்கில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகை அந்தப் பேப்பரை நீக்கிவிட்டது. மேடம் அதே பத்திரிகைக்குச் சின்னதாக ஒன்று எழுதினாங்க, ரெண்டே பக்கம். வூட்டில் தண்ணீர் கேட்டால் குடிக்கிற தண்ணீர் வராது, விருந்தாளிக்கு வைத்த தண்ணீர் வரும், அதனால் எப்படி எடுக்க வேண்டும் என்று. நீங்கள் சலித்துக்கொள்கிற விதி அதில் இருந்து வந்ததுதான். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் அந்தத் தெருப் பெண்களுக்கு நன்றி என்று போட்டாங்க. மேடம் இங்கிலீஷில் இருந்ததை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாங்க. அந்த ஊருக்கு மிஷினும் வந்தது, மெதுவாகத்தான் வந்தது. சின்னசாமி மாலையோடு வந்து மேடத்தைக் கூட்டிக்கொண்டு போனார். பட்டன் போட்டிருந்தார்.

மேடம் இப்போது ரிட்டயர்டு. பேரைப் போட்டுத் தேடினால் பக்கம் பக்கமாகப் பேப்பர் வருகிறது. உங்களில் ஒரு பொண்ணு போனில் எனக்குக் காட்டியது. எல்லாவற்றையும்விட அந்த ரெண்டு பக்கத்தைத்தான் அதிகம் பேர் எடுத்துக் காட்டியிருக்கிறார்களாம். எங்கெங்கேயோ இருக்கிறவர்கள். ஆப்பிரிக்காவில்கூட. அங்கேயும் வந்தவர்களுக்கு நல்லதைத்தான் கொடுப்பார்கள் போல. அந்தப் பொண்ணு சொன்னதும் நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, நல்லது செய்தால் நல்லது வரும் என்று நான் கதை சொல்வதாக நினைக்காதீர்கள். வராமலும் போகலாம். அந்த வாரம் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமல் இருந்தபோது மேடம் செய்ததுதான் எனக்குப் பெருமை. அதனால் வியாழக்கிழமையோடு முடிக்கிறேன்.

இன்டர்வியூ வெளியூரில். சென்றாயன்தான் ஓட்டினான். வழியெல்லாம் பாட்டுப் போடாமல் வந்தான், அவனுக்கு அது பெரிய விஷயம். ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு நான் மேடம் பின்னால் போனேன். வராந்தாவில் பெரிய டாக்டர் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மேடத்துக்காக வந்திருந்தார்.

"பத்திரிகையில இருந்து பதில் வந்துச்சா?"

"இல்ல சார்."

"நல்லா கேளுங்க. அவங்க நீக்கற வரைக்கும் அது உங்க பேப்பர்தான். மனுவுலயும் ஆறுன்னுதான் இருக்கு. இன்னிக்குத் தேதிக்கு ஆறு. உள்ள கேட்டா ஆறுன்னு சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இது பொய் இல்ல."

"சரி சார்" என்றாங்க மேடம். எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

கூப்பிட்டார்கள். ஃபைலை உள்ளே கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். நானும் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நான் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். என் இன்டர்வியூ மாதிரி இருந்தது.

ஓரத்தில் இருந்தவர் மேடத்திடம் ரெண்டு மூன்று கேள்வி கேட்டார். நல்லபடியாகத்தான் பேசினார். தண்ணீர் ஆராய்ச்சியைப் பற்றிப் பாராட்டினார். அந்த ஜில்லாவில் இதைச் செய்ய ஆள் இல்லாமல் இருந்தது, நீங்கள் வந்து செய்திருக்கிறீர்கள் என்றார். மேடம் நன்றி சொன்னாங்க.

நடுவில் இருந்தவர் மனுவைப் புரட்டினார். பேனாவைத் திறந்தார். தலை நிமிரவில்லை.

"பேப்பர் ஆறு. சரிதானே டாக்டர்?"

தலையை ஆட்டினால் போதும். அவர் எழுதியிருப்பார். நான் ஃபைலைப் பிடித்தபடி மேடம் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லைங்க சார்."

அவர் நிமிர்ந்தார். "பின்ன எத்தனை?"

"அஞ்சு."